ஊசற்குடா

தேசப்படத் தொகுதிகளில் அந்தாட்டிக்காவுக்கு ஒதுக்கப்படுவது பெரும்பாலும் கடைசிப் பக்கமே. அக்கண்டத்தினின்று தென்னமெரிக்காவின் முனையை நோக்கி நீண்டு செல்லும் குடாநாட்டின் அருகே, புள்ளிகளைத் தூவினாற்போல ஒரு தீவுத் தொடர் காணப்படும். தென் செற்லாந்துத் தீவுகள் என்பது அத்தொடரின் பெயர். அப்புள்ளிகளுள் ஒன்று டிசெப்சன் தீவு. அத்தீவின் வயிற்றுக்குள் ஒரு துறைமுகம். அத்துறைமுகத்தின் வடகீழ்க் கரையில் ஒரு சிறு குடா. தென் அகலக்கோடு 62 பாகை 56 கலை, மேல் நெட்டாங்கு 60 பாகை 36 கலை என்று அதன் இடத்தைக் குறிப்பிடுவர். அந்தப் படத்தில் அதனைக் குறிப்பதற்கு ஊசியின் முனையும் பெரிதாகிவிடும். எனினும் அதற்கு ஒரு பெயர் உண்டு. ஆங்கிலத்தில் அதனைப் பெண்டுலம் கோவ் என்பர். ஸ்பானிய மொழியிற் கலேற்றா பெண்டுலோ என்பர். தமிழில் ஊசற்குடா என்று சொல்லலாம். ஊசல் என்றதும் ஆலயத்துத் திருவூசலை நினைப்போரும் உண்டு. இங்கே குறிக்கப்படுவது கடிகாரத்தில் ஆடும் ஊசல்.

முனைவுப் பிரதேசங்களின் பெயர்கள் பெரும்பாலும் கடன் தீர்க்கும் வகையில் இடப்பட்டவை. பயணத்திற்குப் பணம் உதவிய பிரபு, கட்டளை பிறப்பித்த அமைச்சர், அரியணையில் இருந்த மன்னர், மன்னரின் மனைவி என்று அவ்வரிசை நீளும். அவர்களுள் அநேகர் தம் பெயர் தாங்கிய மலைகளையோ முனைகளையோ கண்டவரல்லர். காண விரும்பியிருப்பர் என்றும் சொல்வதற்கில்லை. மக்கள் வாழும் நிலங்களில் இடப்பெயர்கள் வாய்வழக்கிற் பிறந்து, தேய்ந்து, திரிந்து நிலைபெறுகின்றன. குளமும் மரமும் மேடும் கோயிலும் ஊருக்குப் பெயராகின்றன. யார் முதலிற் சொன்னார் என்பது எவருக்கும் தெரியாது. அந்தாட்டிக்காவில் வாய்வழக்கிற்கு ஆளில்லை. அங்கே பெயர் முதலிற் படத்தில் எழுதப்படுகிறது. பின்னரே எவராவது அதனை உச்சரிக்கின்றனர். ஆதலால் அங்குள்ள ஒரு பெயரின் பிறப்பைச் சாதகம் பார்ப்பதுபோல ஆண்டும் மாதமும் சொல்லித் தேட முடிகிறது. ஊசற்குடா பெயர் பெற்றது 1829 ஆம் ஆண்டின் தென்கோளக் கோடையில். அது எந்தப் பிரபுவின் பெயருமன்று. ஒரு கருவியின் பெயர், அக்கருவியைக் கொண்டு அங்கே செய்யப்பட்ட வேலையின் பெயர்.

முதலில் அந்த நிலத்தைப் பார்த்தல் வேண்டும். டிசெப்சன் தீவு ஓர் எரிமலை. ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெரும் வெடிப்பொன்றில் மலையின் நடுப்பகுதி உள்ளே இடிந்து அமிழ்ந்தது. அதனால் உண்டான பெருவாயினுட் கடல் புகுந்துகொண்டது. எஞ்சியது குதிரை இலாடம் போன்ற ஒரு வளையம். கடலிலிருந்து நோக்குவோருக்கு அது பனி மூடிய ஏனைய தீவுகளைப் போன்ற ஒரு தீவாகவே தோன்றும். தென்கீழ்ப் புறத்தில் உள்ள ஒடுங்கிய வாயிலைக் கண்டு நுழைந்தவருக்குத்தான் உள்ளே ஒன்பது கிலோமீற்றர் வரை நீண்ட அமைதியான நீர்ப்பரப்பு விரிவது தெரியவரும். ஏமாற்று என்னும் பொருள் தரும் டிசெப்சன் என்ற பெயர் இத்தோற்றத்தால் வந்தது. வாயிலுக்கு நெப்ரியூனின் துருத்தி என்று பெயர். அவ்வொடுக்கத்தினூடாகக் காற்று சீறிப் பாய்வதனைக் கேட்ட மாலுமிகள் கடற்றெய்வத்தின் கையில் ஒரு கொல்லன் துருத்தியைக் கொடுத்துவிட்டனர். அவ்வாயிலின் நடுவே, நீர்மட்டத்தின் கீழ் ஏறத்தாழ இரண்டரை மீற்றர் ஆழத்தில் ஒரு பாறை மறைந்து கிடக்கிறது. இன்றும் கப்பல்கள் அதனை ஒதுக்கி ஒரு கரையோரமாகவே நுழைகின்றன.

உள்ளே நிலம் வெள்ளையன்று, கறுப்பு. எரிமலைச் சாம்பலும் கரியநிறச் சிறுகற்களும் சேர்ந்த கடற்கரை. பனிக்கட்டியாறுகளின் மேலும் சாம்பல் படிந்து, அவை அழுக்கடைந்த சுவர்கள் போலக் காணப்படும். கரையோரத்திற் பல இடங்களில் ஆவி எழும். அலை பின்வாங்கும் விளிம்பில் நீர் சுடும். இரண்டடி தள்ளிக் கடலில் இறங்கினால் உறையும். குளிரையும் நெருப்பையும் இத்துணை அருகில் வைத்த இடங்கள் உலகிற் சிலவே. ஊசற்குடாவின் பின்னே, கீழ்த்திசையில், பொண்ட் மலை 539 மீற்றர் உயர்ந்து நிற்கிறது.

இத்தீவுகளை 1819 ஆம் ஆண்டில் வில்லியம் சிமித் என்னும் ஆங்கிலேய வணிகக் கப்பற்றலைவர் முதலிற் கண்டு அறிவித்தார். செய்தி பரவியதும் கடல்நாய் வேட்டைக்காரர் திரண்டனர். 1820 நவம்பரில் அமெரிக்கரான நதானியேல் பாமர் டிசெப்சன் தீவின் உட்புறத்தைக் கண்டார். அடுத்த சில ஆண்டுகளிலேயே தென் செற்லாந்திற் கடல்நாய்கள் ஏறக்குறைய அற்றுப்போயின. தோலுக்காக வந்தோர் தோல் தீர்ந்ததும் போயினர். பின்பு வந்தது வேறொரு கப்பல்.

அதன் பெயர் சான்ரிக்கிளியர். பிரித்தானியக் கடற்படையின் சிறு கப்பல். டார்வினைச் சுமந்து சென்றதாற் புகழ்பெற்ற பீகிளும் இதே வகையைச் சேர்ந்ததே. உண்மையில் பீகிள் சென்ற அந்த யாத்திரைக்கு முதலிற் குறிக்கப்பட்டது சான்ரிக்கிளியர்தான். அது மிகவும் பழுதுற்றிருந்தமையாற் பீகிள் அனுப்பப்பட்டது. புகழ் இவ்வாறும் கைமாறும். சான்ரிக்கிளியர் பழுதுற்றதற்குக் காரணமான நெடும்பயணம் 1828 இல் ஆரம்பித்தது. கப்டன் ஹென்றி பொஸ்ரர் அதன் தலைவர். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்திரண்டும் நிரம்பவில்லை. வடமுனைவுக் கடல்களில் அவர் ஏற்கெனவே பழகியவர். காந்தவியல் முதலான அவதானிப்புக்களுக்காக 1827 இல் இலண்டன் றோயல் சங்கத்தின் கொப்பிளி பதக்கம் பெற்றவர். 1823 இல் எட்வேட் சபைன் கிறீன்லாந்தின் கீழ்க்கரையில் ஊசற் பரிசோதனை செய்தபோது அவரை ஏற்றிச் சென்ற கப்பலிற் பொஸ்ரரும் இருந்தார். அவ்விடத்துத் தீவுகளுக்கும் ஊசற்றீவுகள் என்ற பெயர் வந்தது. ஆக, உலகின் இரு முனைவுப் பக்கங்களிலும் ஊசலின் பெயரால் நிலம் உண்டு. இரண்டிடத்திலும் நின்றவர் பொஸ்ரர்.

ஊசலை ஏன் இவ்வளவு தூரம் கொண்டுசெல்ல வேண்டும் என்ற வினா நியாயமானதே. 1672 இல் ஜீன் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிசிற் சரியாக ஓடிய கடிகாரத்தை மத்தியகோட்டுக்கு அண்மையிலுள்ள கயேனுக்குக் கொண்டுசென்றபோது அது நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்தியது. கடிகாரத்திற் குற்றமில்லை. நியூற்றன் இதனைத் தம் கொள்கைக்குச் சான்றாகக் கொண்டார்: சுழலும் புவி நடுவிற் பருத்து முனைவுகளில் தட்டையாயிருக்கிறது, ஆகவே முனைவுக்கு அருகில் ஈர்ப்பு மிகுதி, மத்தியகோட்டிற் குறைவு. ஈர்ப்பு மிகுந்த இடத்தில் ஊசல் விரைந்தாடும். மத்தியகோட்டிற் செப்பமாக ஆடும் செக்கன் ஊசலொன்றை முனைவுக்குக் கொண்டுபோனால் நாளொன்றில் ஏறத்தாழ 230 செக்கன் முந்தும். இவ்வேறுபாட்டை வெவ்வேறு அகலக்கோடுகளில் அளந்தால் புவியின் வடிவைக் கணித்துவிடலாம். அதற்கான தேற்றத்தை 1743 இற் கிளரோ தந்திருந்தார். வேண்டியதெல்லாம் ஒரே ஊசலை உலகமெங்கும் சுமந்து சென்று, ஒவ்வோரிடத்திலும் பொறுமையுடன் எண்ணும் ஒரு மனிதர்.

அந்த மனிதர் 1829 சனவரியில் டிசெப்சன் தீவை அடைந்து, மார்ச் வரை அங்கே தங்கினார். அவர் அளந்த இடங்களுள் மிகத் தெற்கே இருந்தது இதுவே. கப்பலின் லெப்ரினன்ற் கென்டல் தீவை அளந்து படம் வரைந்தார். பொஸ்ரர் குடாவின் கரையிற் கருவிகளை நிறுவினார். ஊசலைக் கூரிய அலகின்மேல் தொங்கவிட்டு, அதன் பின்னே ஒரு கடிகாரத்தை ஓடவிட்டு, இரண்டின் ஆட்டமும் ஒன்றுபடும் கணத்தைத் தொலைகாட்டியினாற் பார்த்துக் குறித்தல் வேண்டும். ஒன்றுபட்டவை பிரியும், மீண்டும் ஒன்றுபடும் வரை காத்திருத்தல் வேண்டும். வெப்பநிலை மாறினால் உலோகம் நீளும், சுருங்கும். அதனையும் குறித்தல் வேண்டும். காற்றின் அமுக்கத்தையும் குறித்தல் வேண்டும். மணிக்கணக்கில், நாட்கணக்கில் இவ்வேலை. கடல்நாய் வேட்டையில் உள்ள ஆரவாரமோ, புதுநிலம் கண்டவன் கொடி நாட்டுவதில் உள்ள பெருமிதமோ இதில் இல்லை.

இதில் ஒரு விந்தையுமுண்டு. ஊசலுக்கு அசையாத நிலம் வேண்டும். பொஸ்ரர் தம் ஊசலைத் தொங்கவிட்டதோ உயிருள்ள எரிமலையின் வாய்க்குள். அக்காலத்தவர் அதனை அறியாதவரல்லர். சுடுநீரும் ஆவியும் கண்முன்னே இருந்தன. ஆயினும் அந்தக் கொந்தளிப்பான கடலிற் கப்பலைப் பத்திரமாக நிறுத்தக்கூடிய துறை அதுதான். இரண்டு மாதம் எரிமலை பொறுத்துக்கொண்டது.

அளவுகள் யாவும் ஈற்றில் பிரான்சிஸ் பெய்லி என்ற வானியலாளரின் மேசைக்கு வந்தன. பொஸ்ரரின் பெறுபேறுகளைக் கணித்து அவர் பெற்ற புவித்தட்டைமை ஏறத்தாழ 1/289. இன்று ஏற்கப்படுவது 1/298 ஐச் சிறிது தாண்டிய அளவு. வழு எங்கிருந்து வந்தது? எண்ணியவரின் கவலையீனத்திலிருந்து வந்ததன்று. அவரது நிலையங்களுட் பல, கடலின் நடுவே எழுந்த எரிமலைத் தீவுகள். அத்தகைய தீவுகளில் ஈர்ப்பு எதிர்பார்ப்பதிலும் சற்று மிகுதி என்பது பின்னரே தெளிவாயிற்று. புவி ஒழுங்கான கோளமும் அன்று, ஒழுங்கான நீள்கோளமும் அன்று. இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தின் மட்டம் கணித நீள்கோளத்திலிருந்து நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்திருப்பதாக இன்று அளந்திருக்கிறார்கள். உலகில் மிக ஆழமான அத்தகைய பள்ளம் அதுவே. நேர்மையான அளவைகூட நிலத்தின் இரகசியத்தால் திரியும் என்பதற்குப் பொஸ்ரரின் எண்கள் நல்ல உதாரணம்.

பெய்லி அக்கணக்கைச் செய்தபோது பொஸ்ரர் உயிருடன் இல்லை. ஊசல் வேலையை முடித்துக்கொண்டு 1831 இல் பனாமா பூசந்தியின் இருபுறங்களுக்குமிடையே நெட்டாங்கு வேறுபாட்டை அளக்கச் சென்றார். வாணங்களை வானில் ஏவி, அவை வெடிக்கும் கணத்தை இருபுறத்திலும் குறித்து அளக்கும் முறை அது. அவ்வேலையும் நிறைவேறிற்று. திரும்பி வரும்போது, பெப்ரவரி 5 ஆம் நாள், சாகிரெஸ் ஆற்றில் ஓடத்திலிருந்து தவறி விழுந்து மாண்டார். அந்தாட்டிக்கப் பனிக்கும் ஆட்டிக் பனிக்கும் தப்பியவரை ஒரு வெப்பவலய ஆறு கொண்டுபோயிற்று. அவருக்கு வயது முப்பத்துநான்கு.

அவர் குடாவில் விட்டுச்சென்ற பொருளொன்றின் கதையைச் சொல்லாமற் போதல் தகாது. தாமே அதியுயர்வையும் அதிதாழ்வையும் பதிந்துகொள்ளும் வெப்பமானியை, எக்காலத்திலாவது வரப்போகும் எவருக்காகவோ பொஸ்ரர் அங்கே வைத்துவிட்டுச் சென்றார். மாரிகாலத்தில் அங்கு எவரும் தங்கியதில்லை; ஆகவே மாரியின் குளிரை அளக்க மனிதனில்லாத ஒரு சாட்சி. பத்தாண்டு கழித்து, 1839 இல், வில்க்ஸ் தலைமையிலான அமெரிக்கப் பயணத்தைச் சேர்ந்த சீ கல் என்ற சிறு கப்பல் அதனைத் தேடியே அங்கு சென்றது. தேடினர், கிடைக்கவில்லை. 1842 பெப்ரவரியில் ஸ்மைலி என்னும் கடல்நாய் வேட்டைக் கப்பற்றலைவர் அதனைக் கண்டெடுத்தார். அது காட்டிய அதிதாழ்ந்த வெப்பநிலை பரனைற்றிற் பூச்சியத்தின் கீழ் 5 பாகை. சதமவளவையிற் பூச்சியத்தின் கீழ் ஏறத்தாழ 20.5. பதின்மூன்று மாரிகளின் சாட்சியம் அந்த ஓர் எண். வைத்தவர் பதினொரு ஆண்டுக்கு முன்பே இறந்திருந்தார். அதே ஸ்மைலிதான் தீவின் தென்புறம் முழுவதும் தீப்பற்றி எரிந்தாற்போலத் தோன்றியதென்றும் பதின்மூன்று எரிவாய்களை எண்ணியதாகவும் அறிவித்தவர். விஞ்ஞானிகள் தேடித் தோற்றதை வேட்டைக்காரர் கண்டார் என்பதில் ஏளனம் எதுவுமில்லை. அக்கரைகளை நன்கு அறிந்தவர்கள் அவர்களே. படங்களில் அவர்களது பெயர்கள்தாம் குறைவு.

உண்மையில், இன்றைய தீவுப்படம் அந்த யாத்திரையின் நினைவேடு போன்றது. உள்துறைமுகம் முழுவதும் பொஸ்ரர் துறைமுகம் எனப்படுகிறது. மலை, அரச வானியலாளர் ஜோன் பொண்டின் பெயரைக் கொண்டது. கீழ்ப்புறத்து முனை, கணக்குச் செய்த பெய்லியின் பெயரைப் பெற்றது. இன்று ஆயிரக்கணக்கான பெங்குவின்கள் கூடுகட்டும் இடம் அது. படம் வரைந்த கென்டலின் பெயரும் மேற்கே ஒரு நிலப்படிக்கு உண்டு. இவையெல்லாம் மனிதர் பெயர்கள். கப்பலிற் பாய் இழுத்தவருக்கும், கருவிப் பெட்டிகளைத் தோளிற் சுமந்து கரையேற்றியவருக்கும் உரியது என்று சொல்லத்தக்க பெயர் ஒன்றுதான்: ஊசற்குடா. வேலையின் பெயரால் அழைக்கப்படுகையில் வேலை செய்த அனைவரும் அதனுள் அடங்கிவிடுகின்றனர்.

இருபதாம் நூற்றாண்டில் அமைதி கலைந்தது. முதலில் திமிங்கில வேட்டை. 1912 முதல் 1931 வரை நோர்வேயரின் எண்ணெய்க் கொப்பரைகள் அடுத்த குடாவிற் கொதித்தன. பின்னர் உரிமைச் சண்டை. பிரித்தானியா, சிலி, ஆசெந்தீனா ஆகிய மூன்று நாடுகளும் அத்தீவைத் தமதென்றன. ஒருவர் நாட்டிய அடையாளத்தை மற்றவர் அகற்றினார். 1944 இல் பிரித்தானியர் நிலையம் அமைத்தனர். 1948 இல் ஆசெந்தீனர் அமைத்தனர். 1953 இல் மற்ற இரு நாட்டவரும் எழுப்பிய கொட்டில்களைப் பிரித்தானியர் பிரித்தெறிந்தனர். 1955 இல் சிலி தனது நிலையத்தை ஊசற்குடாவின் கரையிலேயே கட்டியது. ஒரே மலைக்கும் முனைக்கும் இரண்டு மூன்று பெயர்கள் வழங்குவது அந்தாட்டிக்காவில் வழக்கம். பெயரை ஏற்றால் உரிமையையும் ஏற்றதாகுமோ என்ற அச்சமே காரணம். ஆயின் இக்குடாவின் பெயரை ஸ்பானிய மொழி பேசும் இரு நாட்டவரும் மாற்றவில்லை, மொழிபெயர்த்துக்கொண்டனர். பெண்டுலம் பெண்டுலோ ஆயிற்று, அவ்வளவே. ஒரு தளபதியின் பெயராயிருந்தால் இது இலகுவில் நடந்திருக்குமா என்பது ஐயமே. 1959 டிசம்பர் முதலாம் நாள் கைச்சாத்திடப்பட்ட அந்தாட்டிக்க உடன்படிக்கை உரிமைக் கோரிக்கைகளை உள்ளபடியே உறையவைத்தது.

நிலம் உடன்படிக்கையில் ஒப்பமிடவில்லை. 1967 டிசம்பர் 4 ஆம் நாள் எரிமலை வெடித்தது. சாம்பலும் கல்லும் பொழிய, ஊசற்குடாவிலிருந்த சிலி நாட்டவர் நிலையத்தைக் கைவிட்டு ஓடிப் பிரித்தானிய நிலையத்தில் அடைக்கலம் புகுந்தனர். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் சிலியரின் கொட்டிலைப் பிரித்தவர்களின் கூரையின் கீழ் சிலியர் ஒதுங்கினர். பின்பு சிலி நாட்டு ஹெலிகொப்ரர்கள் அவர்களோடு பிரித்தானியரையும் மீட்டன. அவ்வெடிப்பில் அயலிலுள்ள வேறொரு குடாவிற் புதிய தீவொன்று தோன்றி, 1970 வெடிப்பிற் கரையோடு இணைந்து மறைந்தது. இடையில் 1969 பெப்ரவரியிலும் ஒரு வெடிப்பு. அப்போது பிரித்தானியர் தகரங்களைத் தலைமேற் பிடித்தபடி தப்பினர். உருகிய பனியும் சேறும் பாய்ந்து திமிங்கில வேட்டைக்காரரின் மயானத்தை மூடிவிட்டன. அங்கே அடக்கம் செய்யப்பட்டோரின் பெயர்ப்பலகைகளும் அதனோடு போயின.

குடாவும் முன்போலில்லை. கென்டலின் படத்திற் கரையை வெட்டி உள்நுழைந்த ஒரு நீர்நிலையாக அது காணப்படுகிறது. இன்று பார்ப்பவருக்குக் கரையோரத்தில் ஒரு மெல்லிய வளைவு மட்டுமே தெரியும். சாம்பலும் மணலும் மிகுதியைத் தூர்த்துவிட்டன. குடா என்று சொல்ல இப்போது பெயரைத் தவிர வேறு ஆதாரம் அதிகமில்லை. எரிந்து முறுகிய சிலி நிலையத்தின் இரும்புகள் வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகின்றன. சூடான நிலத்தில் மட்டும் முளைக்கும் பாசிகளுக்காகச் சற்று உட்புறத்தில் ஒரு துண்டு நிலம் தடைசெய்யப்பட்ட பகுதியாக்கப்பட்டுள்ளது. கோடையில் ஸ்பானிய, ஆசெந்தீன ஆய்வாளர்கள் எதிர்க்கரையிலுள்ள தமது நிலையங்களிலிருந்து எரிமலையின் நடுக்கங்களைப் பதிகின்றனர். உல்லாசக் கப்பல்களில் வருவோர் ஆவி எழும் விளிம்பிற் படுத்து, ஒரு புறம் சுட, மறுபுறம் விறைக்க, சில நிமிடம் நனைந்துவிட்டுத் திரும்புகின்றனர். ஊசல் தொங்கிய இடத்தைக் காட்டுவதற்கு அக்கரையில் ஒரு கல்லும் இல்லை.